சோதனை ஊசியும் பாதி மாசூலும்

1

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா மலருக்கு, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும் என்று தமிழய்யாவின் மகன் போனில் கேட்டார். ஆள் மாற்றிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். படித்த காலத்திலும் பதில் தெரிந்த கேள்விக்குக்கூட எழுந்து நின்றதில்லை. தெரியாதவள் என்று திட்டு வாங்குவது, எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

இந்த மலரில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் எழுதுவார்கள். சிங்கப்பூரில் சொந்தக் கடை வைத்திருப்பவர் எழுதுவார். அவர்கள் பக்கங்களை முதலில் படித்துவிடுங்கள். மீதி நேரம் இருந்தால் இதைப் படிக்கலாம். அங்கே வாழ்க்கை எப்படி என்று எழுதுங்கள் என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நாளாக என் வாழ்க்கை முழுவதும் என் முதுகிலேயே இருக்கிறது. பெரியவர்கள் படிக்கும் மலரில் முதுகைக் காட்டி உட்காருவதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

2

பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் கிடக்கும் நம் ஊரை விட்டு நான் வந்து சேர்ந்தது, இங்கிலாந்தின் நடுவில் ஒரு ஊர். என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி கும்பகோணத்தில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். இங்கே ஒரு தென்னிந்திய ஓட்டலுக்கு ஆள் எடுத்தபோது வந்தார். பின்னால் நானும் மகள் அபியும் வந்தோம். அவருக்கு மாலையிலிருந்து வேலை. பகல் முழுக்க வீட்டில் இருப்பார். எனக்குப் பகலில் வேலை. எங்கள் குடும்பம் இத்தனை காலம் பெரிய சண்டை இல்லாமல் ஓடியதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்பது என் சொந்தக் கருத்து. அவர் நல்லவர். பேசிக்கொண்டே இருக்கும் நல்லவர்.

என் வேலை ஒரு முதியோர் இல்லத்தில், துணி வெளுக்கும் அறையில். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வாங்கி, மடித்து அடுக்க வேண்டும். எல்லாமே நின்றபடி. அங்கேதான் முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்தது. இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும், யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல.

விசித்திரம் என்னவென்றால், குனிந்தால் வலி இல்லை. நிமிர்ந்தால்தான் வலி. நின்றால் வலி, பின்னால் சாய்ந்தால் இன்னும் வலி. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் குனிந்தே காலம் தள்ளியவர்கள். நாற்றுப் பறிக்கக் குனிந்தது பாதி, நிலத்துக்காரர் எதிரில் வந்தபோது குனிந்தது மீதி. நான் ஒருத்தி நிமிர்ந்து நிற்கும் வேலைக்கு வந்தேன். முதுகுக்கு அது ஒத்துவரவில்லை போலிருக்கிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை மேசைமேல் வைத்து விளக்கினார். எலும்புகளுக்குப் பின்னால், கதவுக் கீல் போலச் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. எனக்கு அவை தேய்ந்துவிட்டன. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "எலும்புத் தேய்மானம். இதச் சொல்ல எதுக்கு இவ்வளவு பெரிய மிஷினு? நம்மூரு மருந்துக் கடையில மூஞ்சப் பாத்தே சொல்லிருப்பாரு" என்றார்.

முதலில் அந்த மூட்டுக்குள்ளேயே ஒரு ஊசி போட்டார்கள். சில வாரம் சுகமாக இருந்தது. பிறகு பழைய குருடி கதைதான். அடுத்து டாக்டர் வேறொரு வழி சொன்னார். தேய்ந்த மூட்டிலிருந்து மூளைக்கு வலியைக் கொண்டுபோகிற மெல்லிய நரம்பு ஒன்று இருக்கிறது. அதை ஊசிமுனையில் சூடு வைத்துச் சுட்டுவிட்டால் ஒரு வருஷமோ கூடவோ வலி தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை ஊசி. அந்த நரம்பை மரத்துப்போக வைக்கும் மருந்து, சில மணி நேரம்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில் வலி போனால், குற்றவாளி அந்த நரம்புதான் என்று அர்த்தம். சுடலாம். போகாவிட்டால் சுட்டும் பயனில்லை.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப, கூரை ஒழுகுறது நிக்காது. ஒழுகுறது நமக்குத் தெரியாது, அவ்வளவுதானே?" என்றார். டாக்டர் அவ்வளவு நேரம் சொன்னதை இவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.

வேலை இடத்தில் எனக்குத் தற்காலிகமாக உட்காரும் வேலை கொடுத்திருந்தார்கள். மேலாளர் அம்மா அன்பாகத்தான் சொன்னார்: ஆஸ்பத்திரியில் என்ன முடிவு செய்கிறார்கள் என்று பார்ப்போம், சிகிச்சை இல்லை என்றால் உட்கார்ந்து பேசலாம். இந்த ஊரில் உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னால், எழுந்து போகலாம் என்று பொருள். அந்த வேலை போனால் பகல் முழுக்க நானும் கலியமூர்த்தியும் ஒரே வீட்டில். அந்த ஊசி என் முதுகை மட்டும் சோதிக்க வரவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

3

நடுவில் ஊர்க்கதை ஒன்று சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்கு முட்டாள்தனமாகத் தெரியும். தெரிந்தாலும் முட்டாள்தனமாகத்தான் தெரியும், ஆனால் நம்மூர் முட்டாள்தனம் என்று புரியும்.

என் அப்பா வெகுகாலம் கூலி வேலை பார்த்து, பிறகு ஆறு மா நிலத்தை, இரண்டு ஏக்கர் இருக்கும், குத்தகைக்குப் பிடித்தார். அறுப்பு முடிந்ததும் நிலத்துக்காரரின் காரியஸ்தர் சைக்கிளில் களத்துக்கு வருவார். வண்டியிலிருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மாசூல் எப்படி என்று கேட்பார். விளைச்சல் எவ்வளவு கண்டது என்பதுதான் கேள்வி. அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். முகம் இழவு வீட்டு முகமாக மாறிவிடும்.

"எங்கங்க... புகையான் பூச்சி அடிச்சிட்டுப் போயிடுச்சு. எல்லாம் பதரு. பாதி தேறுனாப் பெரிசுங்க."

அவருக்குப் பின்னால் நெல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். காரியஸ்தர் அந்தக் குவியலைப் பார்ப்பார். அப்பாவும் திரும்பி, அது எப்படி அங்கே வந்தது என்று தெரியாதவர் போலப் பார்ப்பார். பிறகு காரியஸ்தர் நிலத்துக்காரரிடம் போய் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துச் சொல்வார் என்று கேள்வி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் தெரியும். முழு மாசூல் கண்டது என்று வாயால் சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் குத்தகை ஏறும், அக்கம்பக்கத்துக் கண் படும், கடன் கேட்டு ஆள் வரும், வயலுக்கே ரோஷம் வந்து விளையாமல் போகும். ஆகவே நம் பக்கத்தில் எந்த வருஷமும், யாருக்கும், பாதிக்கு மேல் விளைந்ததே இல்லை.

இப்போது அந்த நிலம் அண்ணனுடைய சொந்த நிலம். காரியஸ்தரும் இல்லை, சைக்கிளும் இல்லை. போன அறுப்பின்போது அண்ணன் வீடியோவில் வந்தார். பின்னால் மூட்டைகள் முகட்டைத் தொட்டன. பக்கத்தில் உறை பிரிக்காத புது மோட்டார் சைக்கிள். எப்படிண்ணே கண்டுச்சு என்று கேட்டேன். "ஏதோ... செலவுக்குக் கட்டும்" என்றார். நான் அவர் கூடப் பிறந்த தங்கை. கடல் தாண்டி இருக்கிறேன். என்னிடமே பாதிதான்.

இந்த ஊர்க்காரர்களும் இந்த விஷயத்தில் நம் ஆட்கள்தான் என்று நான் நம்பியிருந்தேன். காலையில் யாரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், 'நாட் டூ பேட்' என்பார்கள். ரொம்ப மோசமில்லை. லாட்டரி விழுந்தவரும் அதையே சொல்வார், காலில் கட்டுப் போட்டவரும் அதையே சொல்வார். ஒருவரும் நன்றாக இருக்கிறேன் என்று முழுசாகச் சொல்லிக் கேட்டதில்லை. அடடா, நம்மைப் போலவே கண்ணேறுக்குப் பயந்தவர்கள் என்று எனக்கு இவர்கள் மேல் ஒரு பாசமே உண்டு.

4

சோதனை நாளன்று கூட வர அபி லீவு போட்டுவிட்டு வந்தாள். அவள் இருப்பது ரயிலில் இரண்டு மணி தூரத்தில் வேறு ஊர். ஒரு கம்பெனியில் வேலை. சிநேகிதிகளோடு வீடு எடுத்திருக்கிறாள். அங்கே அவளுக்கு ஆபி என்று பெயர். வாரம் ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டியா என்று நான் கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள். உடம்பு எப்படி என்று அவள் கேட்பாள், பரவாயில்லை என்பேன். அதற்குமேல் இருவருக்கும் சரக்கு இருக்காது. போனை வைப்பதற்கு யாராவது ஒருவர் வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

என் ஆங்கிலம் துணி அறைக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. அபி மொழிபெயர்க்கக் கூடாதாம். குடும்பத்து ஆள் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடலாம் என்பது விதி. கலியமூர்த்தியை ஒருமுறை கூட்டிப்போனதில் இந்த விதியின் நியாயம் எனக்கே புரிந்திருந்தது. டாக்டர் என் வலியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அவர் தன் முழங்காலைப் பற்றிப் பதில் சொன்னார். ஆகவே போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். இலங்கைத் தமிழ் அம்மா, குரலில் என் வயது.

முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும் அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையை எழுத மாட்டேன். குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகுக்கு மேலே எக்ஸ்ரே கருவி. ஷேரன் என்ற நர்ஸ் போனை என் முகத்துக்கு நேரே ஒரு ஸ்டூலில் வைத்தார். டாக்டர் சொல்லச் சொல்ல அந்தக் குரல் வந்தது. "பயப்பிடாதேங்கோ அம்மா. இப்ப விறைக்கிற மருந்து ஏத்தப் போகினம். கொஞ்சம் எரியும். ஆடாமக் கிடவுங்கோ." முகம் தெரியாத ஒருவர், எந்த ஊரிலோ தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் முதுகுக்காக அவ்வளவு பதமாகப் பேசினார். பின்னால் எங்கோ அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அந்த விசிலைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

முடிந்ததும் ஷேரன் திட்டமாகச் சொல்லி அனுப்பினார். படுக்கக் கூடாது. வலி மாத்திரை போடக் கூடாது. எதைச் செய்தால் வழக்கமாக வலிக்குமோ அதையெல்லாம் செய்து பார்க்க வேண்டும். நாலு மணிக்குக் கூப்பிடுவேன், வலி எவ்வளவு போனது என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் கதவைத் திறந்தால் மிளகு ரசம் மணந்தது. கட்டிலில் இரண்டு தலையணை, காலுக்கு ஒன்று. கலியமூர்த்தி எனக்காகப் படுக்கை போட்டு வைத்திருந்தார். நம் பக்கத்தில் ஊசி போட்ட உடம்பு என்றால் படுக்க வேண்டும், குளிக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது. முதுகெலும்பில் போட்ட ஊசிக்கு எவ்வளவு படுக்க வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டிருந்தார். நடக்கச் சொல்லியிருக்காங்க என்றேன். "அவங்க சொல்லுவாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அவங்களா வந்து பாப்பாங்க?" என்று அண்ணனுக்கு வீடியோ போட்டுவிட்டார். அண்ணனும் அண்ணியும் ஒரே முகமாக என்னைப் படுக்கச் சொன்னார்கள். அண்ணி, ஒரு வாரத்துக்குத் தலைக்கு ஊற்றாதே என்றார்.

ரசத்தை மட்டும் குடித்தேன். அப்புறம் அபியைப் பார்த்தேன். அவள் அப்பாவின் கார் சாவியை எடுத்தாள். கட்டிலில் படுக்கப் போவது போல அறைப்பக்கம் போய், அப்படியே பின்கதவு வழியாக வெளியேறினோம்.

5

நடைபாதையில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. வலி இல்லை. குறைந்திருக்கிறது என்பது அல்ல. இல்லை. அந்தக் கட்டை விரல் எடுக்கப்பட்டுவிட்டது. பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்த்தேன். மேகம் சாம்பலாக இருந்தது, வழக்கம்போல. ஆனால் அதை நேராக அண்ணாந்து பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்ய வேண்டும். எனக்கு மிகவும் வலிப்பது எது என்று அபி கேட்டாள். யோசிக்கவே வேண்டாம். வரிசையில் நிற்பது. இந்த நாட்டில் வரிசை இல்லாத இடம் இல்லை. அதனாலேயே நான் பல இடங்களுக்குப் போவதை விட்டிருந்தேன்.

தபால் நிலையத்துக்குப் போனோம். நல்ல வரிசை, கதவுவரை. கடைசியில் போய் நின்றேன். என்ன வாங்கணும் என்றாள் அபி. ஒன்றும் வாங்க வேண்டாம் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சுவர் ஓரம் வாழ்த்து அட்டைகள் இருந்த பக்கம் நகர்ந்து, என்னைத் தெரியாதவள் போல நின்றுகொண்டாள்.

நான் நின்றேன். ஒரு காலில் சாயாமல், எதையும் பிடிக்காமல், கல்யாண வீட்டில் சம்பந்தியம்மா நிற்பது போல நின்றேன். வரிசை நகர்ந்தது. கவுன்டரில் இருந்த கண்ணாடி போட்ட பெரியவர் அடுத்தவர் என்று கூப்பிட்டார். நான் எனக்குப் பின்னால் இருந்த அம்மாவைப் பார்த்து நீங்கள் போங்கள் என்று கைகாட்டிவிட்டு, திரும்பக் கடைசிக்குப் போனேன். மறுபடி முன்னால் வந்தேன். மறுபடி விட்டுக்கொடுத்தேன். என்னைப் போன்ற தாராள மனசுக்காரியை அந்தத் தபால் நிலையம் பார்த்திருக்காது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

மூன்றாவது சுற்றில் அபி பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பார்க்கட்டுமே என்றேன். சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்காத வாய் சொன்ன சொல் அது. அபி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சுற்று முழுக்க என்னோடு நின்றாள். நிற்கும்போது வேறு வேலை இல்லையே, பேசினாள். சிநேகிதிகளில் ஒருத்தி இவள் தயிரைக் கேட்காமல் சாப்பிடுகிறாளாம். வேலையில் ஒரு பெரியவர் அவள் சொன்ன யோசனையைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டாராம். கோபம் வந்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாளாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "எனக்கு வாய் வரல. உன்ன மாதிரிதான்" என்றாள். என் சாயல் அவளிடம் மூக்கில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நேரமாகிவிட்டது என்று, கடைசிச் சுற்றில் கவுன்டர் பெரியவரிடம் ஒரே ஒரு ஸ்டாம்ப் வாங்கினேன். மிகுந்த மரியாதையோடு கொடுத்தார்.

6

நாலு மணிக்குப் போன் அடித்தது. மேசையில் வைத்து, மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஷேரன் மெதுவாக, எனக்குப் புரியும்படி கேட்டார். நூறு பங்கு வலி இருந்தது என்று வைத்துக்கொண்டால், எத்தனை பங்கு போயிருக்கிறது?

இந்த இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதில் எனக்குத் தெரியும். நூறும் போயிருந்தது. வாயைத் திறந்தேன். அந்தக் கேள்வியின் தோரணை அப்படியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்கும் தோரணை. எதிரில் கலியமூர்த்தி வேறு, குறைத்துச் சொல் என்று உள்ளங்கையை மேசையை நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார். என் கக்கத்தில் துண்டு இல்லாத குறைதான். என் வாயிலிருந்து என் அப்பா பேசினார்.

"ஹாஃப்" என்றேன். பாதி. ஏதோ கொஞ்சம் பரவாயில்லை என்பதற்கு அடையாளமாக, 'நாட் டூ பேட்' என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஷேரன் ஐம்பதா என்று கேட்டார். அபி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நான் ஆமாம் என்றேன். பிறகு ஷேரன் வருத்தமான குரலில் சொன்னார்: பாதி போதாது, பெரும்பகுதி போயிருந்தால்தான் டாக்டர் சுடும் சிகிச்சைக்கு எழுதுவார், முடிவைக் கடிதத்தில் அனுப்புவோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்துவிட்டார்.

அபி பிடித்துக்கொண்டாள். கோபத்தில் அவளுக்குத் தமிழ் நன்றாக வருகிறது என்பதை அன்றுதான் கண்டேன். போஸ்ட் ஆபீஸில் கோயில் தூண் மாதிரி நின்றாயே, அது பாதியா என்றாள். கலியமூர்த்தி என் உதவிக்கு வந்தார். "முழுசும் போயிடுச்சுன்னு சொன்னா, அப்பறம் எதுக்கும்மா வைத்தியம்னு அனுப்பிருவாங்கல்ல? கொஞ்சம் மிச்சம் வச்சாத்தானே பாப்பாங்க?" அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன்.

"அப்பா, இது அந்தக் கணக்கு இல்லப்பா. போயிடுச்சுன்னு சொன்னாத்தான் குடுப்பாங்க. மிச்சம் இருக்குன்னா இல்ல."

கலியமூர்த்தியின் கை மேசைமேல் அப்படியே நின்றது. நல்லது என்று சொன்னால்தான் கிடைக்கும் ஒரு இடம் உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. நானும்தான். உட்கார்ந்து பேசலாம் என்ற மேலாளர் அம்மாவின் அன்பு முகம் கண்முன் வந்தது.

7

அபி திரும்ப அழைத்தாள். எழுத ஆரம்பித்தால் அதுவே தனிக் கட்டுரை. ஆங்கிலத்தில் பேச ஒன்றை அழுத்து, இதற்கு இரண்டை அழுத்து, அதற்கு மூன்றை அழுத்து. நடுவில் வயலின். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று மறுபடி மறுபடி ஒரு குரல். முக்கியம் என்று நினைப்பவர்கள் எடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி ஐந்து மணிக்கு மூடிவிடும். வயலின் வாசித்துக்கொண்டே இருந்தபோது என் முதுகில் அந்தக் கட்டை விரல் மெல்ல வந்து உட்கார்ந்தது. மருந்தின் வேகம் இறங்கத் தொடங்கிவிட்டது.

ஒருவழியாக ஷேரன் வந்தார். அபி படபடவென்று விளக்கினாள். ஷேரன் கேட்டுவிட்டு, மகள் சொல்வதை எழுத முடியாது, நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அதோடு, முதலில் பாதி என்றவர் இப்போது ஏன் மாற்றுகிறார், வீட்டில் யாராவது சொல்லச் சொன்னார்களா என்றும் கேட்டார். நியாயமான சந்தேகம். மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பதாகச் சொன்னார். சற்று நேரத்தில், "வணக்கம் அம்மா" என்று காலையில் கேட்ட அதே குரல். தமிழுக்கு அன்று அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

அபி என்னைப் பார்த்தாள். கலியமூர்த்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார், கையை மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டியபடி. இனி என்னை அழுத்தக் கூடாது என்று அந்தக் கையைத் தானே கட்டிப்போட்டது போல இருந்தது.

நான் சொல்ல ஆரம்பித்தேன். வலி போனது பற்றி அல்ல. அது வரவில்லை. எங்கள் ஊரில் அறுப்பு முடிந்தால் காரியஸ்தர் வருவார் என்று ஆரம்பித்தேன். களம், சைக்கிள், புகையான், பதர், பாதி. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் எங்களுக்குத் தெரியும், அதைத்தான் நாலு மணிக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். போனில் இவ்வளவு நீளம் நான் பேசியதே இல்லை. மொழிபெயர்க்கும் அம்மா நடுவில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நடுவில் ஒரு இடத்தில் அவர் சிரித்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று ஷேரனிடம் சொன்னது புரிந்தது. பிறகு என்னிடம், "எங்கட அப்பாவும் வயல்தான் அம்மா" என்றார். அவ்வளவுதான். அவருக்கும் சொந்தமாகப் பேசக் கூடாது என்று விதி இருக்கும்.

ஷேரன் கேட்டார். அந்த அம்மா தமிழில் கேட்டார்: "அப்ப நீங்களே சொல்லுங்கோ. அந்த நேரம் நோவு எவ்வளவு போனது?"

நெல் குவியல் மேல் ஏறி நின்று ஊருக்கே சொல்வது போல இருந்தது.

"எல்லாம் போச்சு" என்றேன். "முழுசாப் போச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல."

சொன்னதும் கலியமூர்த்தி அடுப்படிக்கு ஓடினார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி உப்போடு வந்து என் தலையை மூன்று முறை சுற்றி, சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். அவரை நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எப்போது சுற்றுவார் என்று காத்திருந்தேன்.

ஷேரனுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. இப்போது எப்படி இருக்கிறது? நான் பின்னால் சாய்ந்து பார்த்தேன். சுரீர் என்றது. திரும்ப வந்துவிட்டது, எல்லாமே வந்துவிட்டது என்றேன். மருந்தின் வேகம் இறங்க வேண்டிய நேரத்தில்தான் வந்திருக்கிறது, அதுவும் நல்ல அறிகுறி என்றார் ஷேரன். வலி வந்ததற்காக ஒருவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. டாக்டரிடம் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

போனை வைத்ததும், எங்கள் மூவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கலியமூர்த்தி வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இவ்வளவு பேசுவியா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அபி கடைசி ரயிலுக்குப் போகவில்லை.

8

மறுநாள் காலை ஷேரன் கூப்பிட்டார். இரண்டு விதமாகப் பதில் வந்துவிட்டதால், அதே சோதனை ஊசியை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுடுவார்களாம். அடுத்த மாதம் வரச் சொன்னார். சரி என்றேன். அபி அந்த நாளுக்கும் லீவு கேட்டு அப்போதே மெயில் அனுப்பிவிட்டு, பத்து மணி ரயிலில் போனாள்.